மாசிப் பனியில் பறவை பார்க்க: முதல்முறை குழுவாகக் கிளம்புகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் போன பறவை நடையில் 38 பேர் இருந்தோம். கிண்டியில் பஸ் கிளம்பும்போதே மணி ஏழு. வழியில் டிபன், அப்புறம் இன்னொரு இடத்தில் டீ. ஏரிக்கரையில் இறங்கியபோது ஒன்பதே முக்கால். வெயில் ஏறிவிட்டது, சின்னப் பறவைகள் எல்லாம் அடங்கிவிட்டன. வரிசையில் கடைசியாக நின்ற எனக்குத் தெளிவாகத் தெரிந்தது முன்னால் நின்றவரின் தொப்பி மட்டும்தான். அதற்கு 1,200 ரூபாய் கொடுத்திருந்தேன்.

அப்புறம் நானே சின்னச் சின்னக் குழுக்களாக நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அதிலும் தப்பு செய்யாமல் இல்லை. ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளோடு போய், வனத்துறைக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் கையில் இல்லாததால் சரணாலய வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. சென்னையிலிருந்து வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்களுக்குப் போவதை வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மற்றதெல்லாம் பொருந்தும்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

பறவை பார்க்க மார்கழியும் தையும்தான் காலம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு மாசிதான் சுலபம் என்பேன். வடக்கேயிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் இன்னும் கிளம்பியிருக்காது. இங்கேயே கூடு கட்டும் சங்குவளை நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கூட்டில் குஞ்சு இருக்கும். ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருப்பதால் கரையோரச் சேற்றில் உள்ளான்கள் என்னும் சின்னக் கரைப்பறவைகள் கூட்டமாக இறங்கும். பல மரங்கள் இலை உதிர்த்து நிற்கும், கிளையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படும். கல்யாண முருங்கை பூத்திருந்தால் அதன் கீழே பத்து நிமிஷம் நின்றாலே போதும், சூறைக்குருவியும் மைனாவும் தேன்சிட்டும் தேடி வரும்.

ஆக, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஒரு மாதம்தான் கைவசம். அதிலும் நாள் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டென்றால் ஏரியில் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிடும், பறவையும் கலைந்துவிடும். அந்த மாதிரி ஆண்டில் பிப்ரவரியைத் தாண்ட விடாதீர்கள். நல்ல மழை பெய்திருந்தால் மார்ச் மூன்றாம் வாரம் வரைகூட இழுக்கலாம்.

மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் வரும். வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருப்பவர்கள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்வார்கள். அவர்களை நம்பி வேன் பிடிக்காதீர்கள்.

ஞாயிறைவிட சனி நல்லது. சரணாலயத்தில் கூட்டம் குறைவு, திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், நெரிசலும் குறைவு. ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியில் ஒருமுறை நின்றால் புரியும்.

பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட்' என்ற உலகளாவிய கணக்கெடுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது, யாரும் கலந்துகொள்ளலாம். அந்த நான்கு நாளில் ஊருக்கு ஊர் இலவச நடைகள் இருக்கும். முதல் அனுபவத்துக்கு அதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை.

2. நடத்துவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து நடங்கள்

நேரடியாக நீங்களே குழு சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். பழகியவர்கள் நடத்தும் நடையில் இரண்டு முறையாவது போய்வாருங்கள். சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி, கோவையில் கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி, சேலத்தில் சேலம் ஆர்னித்தாலஜிக்கல் ஃபவுண்டேஷன் என்று ஆர்வலர்களின் அமைப்புகள் இருக்கின்றன. இங்கே கத்துக்குட்டி என்று யாரும் ஏளனம் செய்வதில்லை. உண்ணிக்கொக்குக்கும் சின்னக் கொக்குக்கும் வித்தியாசம் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

பணம் வாங்கி நடத்துகிறவர்களிடம் சேர்வதானால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? கரையில் கால் வைக்கும் நேரம் என்ன? வழிகாட்டி எத்தனை பேருக்கு ஒருவர்? கிளம்பும் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்ச்சேரும் நேரத்தைச் சொல்லாவிட்டால் விலகிவிடுங்கள். என் 1,200 ரூபாய் அப்படித்தான் போனது.

3. ஆள் கணக்கு: பன்னிரண்டைத் தாண்டாதீர்கள்

நீங்களே குழு சேர்க்கிறீர்கள் என்றால் பன்னிரண்டு பேர்தான் உச்சம். எட்டு பேர் என்றால் இன்னும் சுகம். முன்னால் ஒருவர் வழிகாட்ட வேண்டும், கடைசியில் ஒருவர் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பறவை தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவரை முன்னால் விடுங்கள். கடைசியில் வருகிறவருக்குப் பறவை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொறுமை இருந்தால் போதும்.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை முழு நடைக்கு அழைத்து வரச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் மேல் குறையில்லை. மூன்று மணி நேரம் பேசாமல் நட என்றால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் 'நானும் வருகிறேன்' என்று கை தூக்குகிறவர்களை எல்லாம் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணம் கொடுத்தவர்தான் ஆள். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும், சொல்லிவிடுங்கள். முன்பணம் வாங்காத ஒரு நடையில் கடைசி இரவு நாலு பேர் 'உடம்பு சரியில்லை' என்றார்கள். அவர்கள் பங்கு வேன் வாடகையும் என் தலையில் விழுந்தது.

4. இடமும் அதன் வரிசையும்

வேடந்தாங்கல் சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். வேடந்தாங்கலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கரிக்கிலி. இரண்டுமே 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் வேடந்தாங்கலுக்கு வருகிறவர்களில் பலர் கரிக்கிலியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எல்லாரும் விடியற்காலையில் வேடந்தாங்கலுக்கு ஓடுவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். காலையில் முதலில் கரிக்கிலி, அப்புறம் வேடந்தாங்கல். காரணம் எளிமையானது. வேடந்தாங்கலில் நீங்கள் பார்க்கப்போவது கூடும் குஞ்சும். சங்குவளை நாரை ஒன்பது மணிக்கும் கூட்டில்தான் இருக்கும், சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். கரிக்கிலியில் இருக்கும் வாத்துகளும் புதர்க் குருவிகளும் அப்படி இல்லை. பஞ்சுருட்டான், தையல்சிட்டு, கதிர்க்குருவி, மாங்குயில் எல்லாம் விடிந்த இரண்டு மணி நேரம்தான் சுறுசுறுப்பாகத் திரியும். கூட்டமும் அங்கே இருக்காது.

மாலை நேரம் மட்டும்தான் கிடைக்கும் என்றால் நேராக வேடந்தாங்கலுக்கே போங்கள். நாலு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

செலவு செய்ய முடியாதவர்களுக்குப் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கம் ஏரியும் இருக்கின்றன. மாநகரப் பேருந்திலேயே போய்விடலாம். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நீளவால் இலைக்கோழி எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். தண்ணீர் வடிந்த ஆண்டுகளில் பூநாரையும் வரும். ஒரே ஆபத்து, பறவையைப் பார்த்தபடியே பின்னால் கால் வைத்துச் சாலையில் இறங்கிவிடுவது. குழுவில் ஒருவர் வண்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சூளூர்பேட்டை, நேலப்பட்டுப் பக்கம் போவதானால் வேன் மாநில எல்லையைத் தாண்டும், அகில இந்தியப் பெர்மிட் இல்லாத வாடகை வண்டிக்கு அதற்குத் தனி பெர்மிட்டும் வரியும் உண்டு. வேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லையில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

5. அனுமதியும் காகிதங்களும்

இதில்தான் ரொம்பப் பேர் மாட்டுகிறார்கள், பொறுமையாகப் படியுங்கள்.

சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற இடம். உள்ளே போவதே அனுமதியோடுதான். சாதாரணமாகப் போகிறவர்களுக்கு வாசலில் வாங்கும் நுழைவுச்சீட்டே அந்த அனுமதி. கேமராவுக்குத் தனிச் சீட்டு, வண்டி நிறுத்தத் தனிச் சீட்டு. சீட்டைக் கசக்கி எறியாமல் திரும்பும்வரை பையில் வைத்திருங்கள். டிரோன் கொண்டுபோகவே போகாதீர்கள். குறும்படம், விளம்பரம் என்று படமெடுக்க நினைத்தால் அதற்கு வனத்துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், வாசலில் கிடைக்காது.

பத்துப் பேருக்குள் என்றால் வேறு கடிதம் தேவைப்பட்டதில்லை. அதற்கு மேல் போனாலோ பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் என்றாலோ வனச்சரக அலுவலருக்குப் பத்து நாள் முன்பே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பள்ளி என்றால் பள்ளியின் லெட்டர்ஹெட்டில், தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து. கடிதத்தில் இருக்க வேண்டியது: வரும் தேதி, நேரம், பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை, வண்டி எண், பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும். இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் 'பெறப்பட்டது' என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது இந்த இரண்டாவது நகல் இல்லாததால்தான். கடிதம் கொடுத்திருந்தோம், கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. அன்று பணியில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியும் இல்லை.

பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். 'பக்கத்து ஏரிதானே' என்று விட்டுவிடாதீர்கள், தண்ணீர் இருக்கும் இடம்.

பெரியவர்கள் ஆளுக்கொரு அடையாள அட்டை வைத்திருங்கள், ஆதார் நகல் போதும். கடற்படை, விமான நிலையம், அணுமின் நிலையம் போன்ற இடங்களுக்கு அருகில் நீளமான லென்ஸைத் தூக்கினால் போலீஸ் வந்து விசாரிக்கும். கல்பாக்கம் பக்கம் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்கவும். கேட்டால் அட்டையைக் காட்டிவிட்டு, எடுத்த படத்தையும் காட்டிவிடுங்கள். கொக்குப் படத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சரணாலயம் இல்லாத ஊர் ஏரி என்றால் கரையில் நடக்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, பல ஏரிகள் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். விடிகாலையில் பத்துப் பேர் பையும் கையுமாகக் கரையில் ஏறினால் குத்தகைக்காரருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நேரே போய், 'அண்ணே, பறவை பார்க்க வந்தோம், தண்ணியில இறங்க மாட்டோம்' என்று சொல்லிவிடுங்கள். சொன்னபின் அவரே எந்த மூலையில் கூழைக்கடா இறங்குகிறது என்று காட்டிவிடுவார். இது எனக்குத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் கையில் ஒரே ஒரு தாள்: வருகிற எல்லாருடைய பெயர், எண், வீட்டில் ஒருவருடைய எண், ரத்த வகை, ஏதாவது மருந்து எடுக்கிறார்களா என்பது. கைபேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்தும் வையுங்கள். ஏரிக்கரைகளில் சிக்னல் போய்ப் போய் வரும்.

6. பணக் கணக்கு

போன மாசியில் நாங்கள் பதினொரு பேர் போனோம். அந்தக் கணக்கு அப்படியே:

வேன் வாடகை 6,000
டிரைவர் பேட்டா 500
சுங்கமும் வண்டி நிறுத்தமும் 400
டிபன், டிரைவரோடு சேர்த்து 12 பேருக்கு, தலைக்கு 90 வீதம் 1,080
நுழைவுச்சீட்டும் கேமராச் சீட்டும் 600

மொத்தம் 8,580. ஆளுக்கு 780. எல்லாரிடமும் 800 வாங்கியிருந்தேன், மீந்த 220-க்கு வரும் வழியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றோம்.

வேன் பேசும்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு, கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது, பேட்டா எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, சுங்கம் யாருடையது, இவை நான்கையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வண்டி அவர்களுடைய கொட்டகையிலிருந்து கிளம்பும்போதே மீட்டர் ஓட ஆரம்பிக்கும் என்பதை நான் பில் வந்தபின்தான் தெரிந்துகொண்டேன்.

நண்பரின் சொந்தக் காரில் போய்ப் பெட்ரோலைப் பகிர்ந்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் வெள்ளை போர்டு வண்டியை வாடகை பேசி ஓட்டுவது சட்டப்படி கூடாது. விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரித்துவிடும். மஞ்சள் போர்டு வண்டியே பிடியுங்கள்.

ரொக்கமாகச் சில்லறை நோட்டு ஐந்நூறு ரூபாய்க்காவது வைத்திருங்கள். சீட்டுக் கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் இங்கே தனித்தனியாக எழுதவில்லை. ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான். கேமராச் சீட்டுதான் அதைவிடக் கூட. பதினொரு பேரும் கேமரா கொண்டுவர வேண்டியதில்லை. இரண்டு பேர் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினால் செலவும் மிச்சம், நடையும் வேகமாகப் போகும்.

7. பைனாகுலர்

வாங்கித்தான் ஆக வேண்டும் என்று முதல் நடைக்கு யாரும் ஓடாதீர்கள். மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் 8×42 வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் பெரிதானால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். ஏழாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் பல வருஷம் உழைக்கிற ஒன்று கிடைத்துவிடும்.

'20 மடங்கு', 'ஜூம்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைத் தொடாதீர்கள். நான் 1,800 ரூபாய்க்கு அப்படி ஒன்றை வாங்கினேன். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். அதில் நான் பார்த்த முதல் பறவை எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்பக்கம் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். அந்த வளையத்தை அப்புறம் தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். பறவையைக் கண்ணால் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்துங்கள். மொட்டை மாடியில் நின்று காக்கையைப் பார்த்து இருபது முறை செய்தால் வந்துவிடும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

8. முந்தின நாள்

வேன்காரருக்கு ஒரு போன், சரணாலயத்துக்கு ஒரு போன். வாசல் எத்தனை மணிக்குத் திறக்கிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

சட்டை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பச்சை, காக்கி, பழுப்பு, சாம்பல் எதுவானாலும் சரி. வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் வேண்டாம். மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம், கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், பனிக்கு ஒரு துண்டு. மாசியில் ஏழரை மணி வரை லென்ஸில் பனி படியும், துடைக்க மெல்லிய பருத்தித் துணி வையுங்கள்.

டிபனைப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு வரச் சொல்வேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சரணாலய வாசலில் பையைத் திறந்து பார்ப்பதும் உண்டு. வாழை இலையில் கட்டிய எலுமிச்சைச் சாதத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

9. அன்று காலை

பிப்ரவரி நடுவில் சென்னைப் பக்கம் சூரியன் ஆறரைக்கு எழும். அதற்குள் கரையில் நிற்க வேண்டும். எங்கள் கால அட்டவணை இதுதான்:

4.00 கிண்டியில் வேன்
4.20 தாம்பரம், அங்கே ஏறுகிறவர்கள்
5.10 செங்கல்பட்டு தாண்டிப் பெட்ரோல் பங்க், கழிப்பறை
6.10 கரிக்கிலி
8.30 டிபன்
9.15 முதல் 10.45 வரை வேடந்தாங்கல்
1.00 மணிக்குள் தாம்பரம்

பெட்ரோல் பங்கில் நிறுத்துவதை வெட்டிவிடாதீர்கள். முக்கியமாகப் பெண்கள் குழுவில் இருந்தால், கரைக்குப் போனபின் வேறு வழியே இருக்காது. டிபனைக் காலை ஆறு மணிக்கு வைக்கிற தப்பையும் செய்யாதீர்கள். பசித்தால் வண்டியிலேயே பிஸ்கட், வாழைப்பழம். பறவைகள் வெளியே திரியும் நேரமே இரண்டு மணி நேரம்தான், அதை இட்லிக்குக் கொடுக்க முடியாது.

சொன்ன நேரத்துக்கு மேல் பத்து நிமிஷம் பார்க்கலாம். அதற்கப்புறம் வேன் கிளம்ப வேண்டும். ஒருமுறை ஒருவரை விட்டுவிட்டுப் போனேன். கோபித்துக்கொண்டார். அடுத்த நடைக்கு அவர்தான் முதலில் வந்து நின்றார்.

10. கரையில்

மெதுவாக. இன்னும் மெதுவாக. இரண்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் அது சரியான வேகம்.

வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பறவையைக் காட்டும்போது 'அதோ, அதோ' என்று கையை நீட்டாதீர்கள், பறந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் எதுவும் புரியாது. கடிகார முள்ளைக் கணக்காக வைத்துச் சொல்லுங்கள்: 'ஒற்றைப் பனை, அதற்கு இடப்பக்கக் கருவேலம், அதில் இரண்டு மணித் திசையில், நடுக் கிளை.'

முதல் நாளிலேயே எல்லாப் பெயரும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பதினைந்து பறவை போதும். நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், பாம்புத்தாராவின் அலகு குத்தீட்டி போல நேராக. மூக்கு கரண்டி மாதிரி இருந்தால் கரண்டிவாயன், அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன், மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. வாத்துகளில் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை தீட்டினாற்போல் இருந்தால் ஆண் நீலச்சிறகி. உள்ளான்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பத்து வருஷம் பார்த்தவர்களே அவற்றுக்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்க யாராவது முயன்றால் தடுத்துவிடுங்கள். அது கூடு கட்டுகிற காலம், இன்னொரு ஆண் பறவை வந்துவிட்டது என்று நினைத்து அங்கே இருக்கும் பறவை கூட்டை விட்டு அலையும். கூட்டுக்கு நெருக்கமாகப் போய்ப் படமெடுப்பதும் அப்படித்தான். பெற்ற பறவை எழுந்து பறந்த சில நிமிஷத்தில் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையும் பருந்தும் பார்த்துக்கொண்டே இருக்கும். தரையில் கவனம் வையுங்கள். ஆள்காட்டி வெறும் மண்ணில்தான் முட்டையிடும். அது தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் நின்று, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

11. பட்டியல்

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இ-பேர்ட் செயலி இலவசம். கணக்குத் திறப்பதையும், உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கி வைப்பதையும் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். குரல் கேட்டு அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியும் இலவசம்தான். ஆனால் அது சொன்னதற்காக மட்டும் ஒரு பறவையைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். கரிச்சான் மற்ற பறவைகளைப் போலக் குரல் கொடுக்கும் என்பது அதற்குச் சில சமயம் புரிவதில்லை.

குழுவில் ஒருவர் மட்டும் பதிய வேண்டும். முடித்ததும் மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிடலாம். பதினொரு பேரும் தனித்தனியாகப் போட்டால் ஒரே நாரை பதினொரு நாரையாகிவிடும். கரிக்கிலிக்கு ஒரு பட்டியல், வேடந்தாங்கலுக்கு வேறு பட்டியல். பார்த்தோ குரல் கேட்டோ அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காக்கை மைனா உட்பட, சேர்த்திருந்தால் மட்டும் 'முழுமையான பட்டியல்' என்பதற்கு ஆம் போடுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால் உத்தேசமாக ஓர் எண் போடலாம். பத்துப் பத்தாகக் கொத்து பிரித்து எண்ணினால் கூட்டத்தையும் ஓரளவு சரியாகக் கணக்கிட முடியும்.

பட்டியலை அன்றிரவே அனுப்பிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் எந்த வாத்தை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடும். வரவு செலவுக் கணக்கையும் அன்றிரவே, பில் படங்களோடு குழுவில் போட்டுவிடுங்கள். இரண்டாவது நடைக்கு ஆசை வந்து யாராவது கேட்டால், அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் நாள் குறியுங்கள். பங்குனி பிறந்து இரண்டு வாரம் ஆனபின் போனால் வாத்துகள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும்.